நின்னு பண்ற ஆசனத்துல பார்வைய எங்க வைக்கிறது? புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு

யோகா கிளாஸ்ல சேந்த முதல் வாரத்துலயே கால எங்க வைக்கணும், முட்டிய எவ்ளோ மடக்கணும், மூச்ச எப்ப இழுத்து எப்ப விடணும்னு எல்லாத்தையும் மாஸ்டர் சொல்லிக்குடுத்துடுவாரு, கண்ண பத்தி மட்டும் "நேரா பாருங்க"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிடுவாரு. நேரான்னா எங்க? எதிர் செவுத்துலயா, முன்னாடி நிக்கிறவர் முதுகுலயா, இல்ல மாஸ்டர் மூஞ்சியிலயா? சரி வீட்டுக்கு வந்து யூடியூப்ல தேடுவோம்னு பாத்தா அங்க ஒருத்தங்க திரிகோணாசனத்துல (கால அகட்டி பக்கவாட்டுல சாஞ்சி, ஒரு கை கீழ ஒரு கை மேல) மேல இருக்குற கைய பாக்குறாங்க, அடுத்த வீடியோல இன்னொருத்தங்க கீழ பாதத்த பாக்குறாங்க, ரெண்டு பேருமே பத்து வருஷமா சொல்லிக்குடுக்குறவங்களா இருப்பாங்க, யாரு சொல்றத கேக்குறதுன்னே தெரியாது.

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். போட்டோல பாக்குற பார்வை கடைசி படி, நீங்க இருக்குறது முதல் படியில. கீழ, நேரா, மேலன்னு மூணு படி இருக்கு, எந்த படியில நிக்கும்போது உங்க மூச்சு தடையில்லாம ஓடுதோ, கழுத்து வலிக்காம இருக்கோ, அதுதான் இன்னிக்கி உங்க படி. நாளைக்கி வேற மாதிரி இருக்கலாம், வலது பக்கம் ஒரு படியும் இடது பக்கம் ஒரு படியும்கூட இருக்கலாம். இத மனசுல வச்சிக்கிட்டு படிங்க.

கண்ணுக்கும் பேலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்

நாம விழாம நிக்கிறதுக்கு உடம்பு மூணு எடத்துலேர்ந்து தகவல் வாங்குது. ஒண்ணு கண்ணு. ரெண்டாவது உள்காது, தலை எந்தப் பக்கம் சாயுது திரும்புதுன்னு சொல்றது அதுதான். மூணாவது பாதம், கணுக்கால், முட்டி, கழுத்து இங்கெல்லாம் இருக்குற உணர்ச்சி, தரையில எந்த எடத்துல எவ்ளோ எடை விழுதுன்னு சொல்லும். புதுசா ஒத்தக்கால்ல நிக்கிறவங்களுக்கு இந்த மூணாவது இன்னும் பழக்கத்துக்கு வந்திருக்காது, அதனால கண்ண நம்பிதான் பொழப்பு ஓடும். அந்த கண்ணும் ஒரு எடத்துல நிக்காம அலைஞ்சா கணுக்கால் தந்தி அடிக்கத்தான் செய்யும்.

நம்பிக்கை இல்லன்னா இப்பவே எழுந்து செவுத்து பக்கத்துல போய் நின்னு பாருங்க. ஒரு கால லேசா தூக்கிக்கிட்டு எதிர்ல ஒரு புள்ளிய பாருங்க, நாலஞ்சு மூச்சு. அப்புறம் தலைய ஆட்டாம கண்ண மட்டும் இடதும் வலதுமா ஓட்டுங்க. அடுத்து தலையையும் சேத்து திருப்புங்க. கடைசியா ஒரு விரல் செவுத்துல பட்டா மாதிரி வச்சிக்கிட்டு கண்ண மூடுங்க. ஒவ்வொண்ணுலயும் பாதம் எப்படி தடுமாறுதுன்னு நீங்களே கவனிங்க, நான் இதுக்கு மேல வெளக்க வேண்டியதே இருக்காது.

இன்னொரு சின்ன சோதனை. ரெண்டு கட்டைவிரலையும் பின்னந்தலை எலும்புக்கு சரியா கீழ, கழுத்து தொடங்குற எடத்துல அழுத்தி வச்சிக்கிட்டு, தலைய அசைக்காம கண்ண மட்டும் வலது இடதுன்னு உருட்டுங்க. விரலுக்கடியில தசை துடிக்கிறது தெரியும். கண்ணு போற திசைக்கு கழுத்து முன்கூட்டியே தயாராகுது, கழுத்து போனா தோளு போகும், தோளு போனா இடுப்பு. சைக்கிள் ஓட்டும்போது பள்ளத்தையே பாத்துக்கிட்டு போனா வண்டி நேரா பள்ளத்துக்குள்ளயே போகும்ல, அதேதான் இங்கயும்.

மொதல்ல எடத்த சரி பண்ணுங்க

மேட்ட விரிச்சதும் நேரா ஆசனத்துக்கு போயிடாதீங்க, ஒரு நிமிஷம் நின்னு எதிர்ல என்ன இருக்குன்னு பாருங்க. ஸ்விட்ச் போர்டு, காலண்டர் ஆணி, பீரோ கைப்பிடி எது வேணா போதும், அசையாம இருக்கணும் அவ்ளோதான். காலண்டர் வேணாம், ஃபேன் காத்துல தாள் ஆடும். ஒண்ணுமே இல்லாத வெறும் செவுருன்னா வீட்ல இருக்குற ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண எடுத்து கண்ணு மட்டத்துல ஒட்டிடுங்க, இத விட மலிவான யோகா உபகரணம் கிடையாது. இன்னொரு பொட்டு தரையில, மேட்டோட முன் ஓரத்துலேர்ந்து ஒரு ரெண்டு மூணு அடி தள்ளி. டைல்ஸ் போட்ட தரைன்னா டைல்ஸ் சேருற மூலையே போதும்.

தூரம் எவ்ளோ? செவுரு நாலஞ்சு அடி தூரத்துல இருந்தா வசதி. பக்கத்துல இருக்குற பொருள பாக்கும்போது உடம்பு கொஞ்சம் ஆடினாலும் அது கண்ணுக்கு உடனே தெரியும், மூளை அப்பவே திருத்திக்கும். ரொம்ப தூரத்துல இருக்குற பில்டிங்கையோ மலையையோ பாத்தா அந்த ஆட்டம் கண்ணுக்கு அவ்ளவா புடிபடாது. அதுக்காக மூக்குக்கு முன்னாடி அரை அடியில வச்சா கண்ணு இழுத்துக்கிட்டு வலிக்கும், அதுவும் வேணாம்.

மொட்டை மாடியில பண்றவங்களுக்கு ஒரு தனி தொல்லை, சுத்தி இருக்குறது எல்லாம் அசையும். மேகம் நகரும், தென்னை ஓலை ஆடும், காக்கா பறக்கும், கொடியில துணி ஆடும். கைப்பிடிச் செவுத்தோட மூலை, தண்ணி டேங்க்கோட அடிப்பகுதி, இந்த மாதிரி எதையாவது புடிச்சிக்கோங்க. சூரிய நமஸ்காரம்னு சொல்லி கெழக்க பாத்து நிக்கிறவங்க சூரியனையே நேரா மொறச்சி பாக்காதீங்க, எவ்ளோ காலையில இருந்தாலும் சரி, கண்ணுக்கு அது கெடுதல்தான். பீச்ல பண்றவங்க அலைய பாக்காம மணல்ல கெடக்குற ஒரு சிப்பியையோ கல்லையோ பாருங்க, அலை முன்னாடி வந்து பின்னாடி போகும்போது நாமளே நகருற மாதிரி தோணும்.

வீட்டுக்குள்ள மேல பாக்குற ஆசனம் எதுன்னாலும் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழ நிக்காதீங்க. சுத்துற ஃபேன பாத்துக்கிட்டே ஒத்தக்கால்ல நின்னா தலை சுத்தாம என்ன பண்ணும். மேட்ட ரெண்டடி தள்ளி போட்டா முடிஞ்சது.

கண்ணாடி முன்னாடி பண்றது நல்லதா கெட்டதான்னு நெறைய பேர் கேப்பாங்க. முட்டி எங்க இருக்கு, இடுப்பு சாஞ்சிருக்கான்னு செக் பண்ண கண்ணாடி நல்லதுதான். ஆனா பேலன்ஸ் ஆசனத்துல கண்ணாடில தெரியுற உங்கள நீங்களே பாத்தா அது ஆடுற உருவம், நீங்க ஆடினா அதுவும் ஆடும், அத பாத்து நீங்க இன்னும் ஆடுவீங்க. கண்ணாடி மேலயே ஒரு பொட்டு ஒட்டி அத மட்டும் பாருங்க. ஃபோன்ல வீடியோ பாத்துக்கிட்டே பண்றது அத விட மோசம், தரையில சாச்சி வச்ச ஃபோன பாக்க கழுத்த ஒடிச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு பேரு எந்த ஆசனமும் இல்ல. ஒரு ஆசனத்த மொதல்ல உக்காந்து முழுசா பாத்துடுங்க, நிறுத்துங்க, அப்புறம் எழுந்து பண்ணுங்க.

எப்படி பாக்கணும்

எங்க பாக்கணும்ங்கிற அளவுக்கு எப்படி பாக்கணும்ங்கிறதும் முக்கியம், இத யாரும் சொல்றதில்ல. புள்ளிய பாருங்கன்னு சொன்னதும் புருவத்த நெறிச்சி, பல்ல கடிச்சி, இமைக்காம சண்டைக்கு நிக்கிற மாதிரி பாக்குறாங்க. அப்படி பாத்தா பத்து செகண்ட்ல மூச்சு நின்னுடும். இமைக்காம கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் ஒரு சுடர பாக்குறது திராடகம்னு தனியா ஒரு பயிற்சி, உக்காந்து பண்றது, அதையும் இதையும் கொழப்பிக்க வேணாம். இங்க தாராளமா கண் சிமிட்டலாம்.

பண்ண வேண்டியது இதுதான். புள்ளிய பாருங்க. அப்புறம் கண்ண அங்கேர்ந்து எடுக்காமலே, ஓரத்துல ரெண்டு பக்கமும் என்ன தெரியுதுன்னு கவனிங்க, இந்தப் பக்கம் ஜன்னல், அந்தப் பக்கம் கதவு. அது ரெண்டும் மங்கலாவாவது தெரியுதுன்னா பார்வை தளர்வா இருக்கு. புள்ளிய தவிர வேற எதுவுமே தெரியலன்னா கண்ண இறுக்கிட்டீங்க, நெத்தியையும் தாடையையும் விடுங்க, ஒரு மூச்சு முழுசா வெளிய விடுங்க, அதுவா சரியாகும்.

அடுத்தது தாடை. கீழ பாக்கணும்னா தலையையே கவுக்குற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு, ஃபோன் பாத்து பாத்து வந்தது. தலை சுமார் நாலரை அஞ்சு கிலோ இருக்கும், அத முன்னாடி தொங்கவிட்டா அந்த எடையும் முன்னாடி போகும், குதிகால் லேசாயிடும். தரையில இருக்குற புள்ளிய பாக்க கண்ண மட்டும் தாழ்த்துங்க, தாடை ஒரு விரக்கடை எறங்கினா போதும். மேல பாக்கும்போதும் அதே மாதிரி, தலைய பின்னாடி தொங்கப் போடாம கண்ண மொதல்ல ஏத்துங்க, பின்கழுத்து மடியாம நீளமா இருக்குற வரைக்கும் மட்டும் தாடை தூக்கலாம்.

இந்த "ஒன்பது பார்வை" எங்கேர்ந்து வந்துச்சு

கிளாஸ்ல சில பேர் "திருஷ்டி", அதாவது பார்வை வைக்கிற எடம்னு சொல்லி ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஒரு எடம் சொல்லுவாங்க. அது பெரும்பாலும் மைசூர்லேர்ந்து பட்டாபி ஜோயிஸ் (1915-2009) பரப்பின அஷ்டாங்க வின்யாச முறையிலேர்ந்து வர்றது. அவரோட குரு கிருஷ்ணமாச்சாரியார், 1930கள்ல மைசூர் அரண்மனை ஆதரவுல யோகசாலை நடத்தினவரு, பின்னாடி மெட்ராஸுக்கு வந்து கடைசி வரைக்கும் இங்கதான் இருந்தாரு. ஜோயிஸ் முறையில மூச்சு, ஆசனம், பார்வை மூணும் ஒண்ணா சேந்து போகணும். ஒன்பது எடம்: மூக்கு நுனி, புருவ நடு, தொப்புள், கை, கால் விரல், கட்டைவிரல், வலது ஓரம், இடது ஓரம், அப்புறம் மேல ஆகாசம்.

அதே கிருஷ்ணமாச்சாரியார்கிட்ட கத்துக்கிட்ட பி.கே.எஸ். ஐயங்கார் (1918-2014) புனேல வளத்த முறையில இப்படி ஒன்பதுன்னு கணக்கு வச்சி சொல்றது இல்ல, அங்க ஒடம்போட ஒழுங்கு சரியா வந்துச்சான்னுதான் மொதல்ல பாப்பாங்க, பார்வை அதுக்கு பின்னாடி வரும். உங்க ரெண்டு யூடியூப் டீச்சரும் வேற வேற சொல்றதுக்கு இதுதான் பாதி காரணம். மீதி பாதி, கழுத்து வலிக்காரங்கள மனசுல வச்சி சொல்றது.

மூக்கு நுனி பார்வைய பத்தி ஒரு வார்த்தை. கீதையோட ஆறாவது அத்தியாயத்துல வரும், நம்ம திருமூலரும் ரெண்டு கண்ணையும் மூக்குல வைக்கச் சொல்றாரு. ஆனா ரெண்டு எடத்துலயும் பேச்சு உக்காந்து பண்ற தியானத்த பத்தி. நின்னுக்கிட்டு, அதுவும் குனிஞ்சிக்கிட்டு, ரெண்டு கருவிழியையும் மூக்குக்கு இழுத்து ஒன்றக்கண்ணு போட்டா புதுசா வந்தவங்களுக்கு தலைவலிதான் மிஞ்சும். மூக்கு காட்டுற திசையில தரைய பாருங்க, போதும்.

ஒவ்வொரு ஆசனமா

தாடாசனத்துலேர்ந்து ஆரம்பிங்க. பாதம் ரெண்டையும் ஊனி நின்னு, கண்ணு மட்டத்துல இருக்குற பொட்ட பாத்து அஞ்சு மூச்சு. சும்மா நிக்கிறதுதானேன்னு தாண்டி போயிடாதீங்க, பார்வைய தளர்வா வைக்க பழகுற எடமே இதுதான். கைய மேல தூக்கும்போது ஆரம்பத்துல பார்வை நேராவே இருக்கட்டும், ஒரு வாரம் கழிச்சி கை மேல போற வேகத்துலயே கண்ணும் கூட போய் கட்டைவிரல பாக்கலாம்.

குனியுற ஆசனம், பாதஹஸ்தாசனம் உத்தானாசனம் எல்லாம், இங்க பலரும் பண்ற தப்பு முன்னாடி செவுத்த பாத்துக்கிட்டே குனியறது. அப்ப பின்கழுத்து மடிஞ்சி போயிடும், முதுகும் விடாது. குனிய ஆரம்பிக்கும்போது தரையில முன்னாடி இருக்குற பொட்டு, அப்புறம் பாதம், முழுசா குனிஞ்சதும் முட்டிக்கு நடுவுலயோ கெண்டைக்காலயோ பாத்து தலைய தொங்கவிடுங்க. எழும்போதுதான் கவனம். சடார்னு எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். மொதல்ல பாதி எழுந்து தரை பொட்ட பாருங்க, ஒரு மூச்சு, அப்புறம் கண்ணு மெதுவா தரையிலேர்ந்து செவுத்துக்கு ஏறட்டும், உடம்பு அது பின்னாடியே வரட்டும்.

உத்கடாசனம், அதாவது இல்லாத நாற்காலியில உக்காருறது, இதுல மேல கட்டைவிரல பாக்கச் சொல்லுவாங்க. தொடை எரியுற எரிச்சல்ல மேல பாத்தா இடுப்பு முன்னாடி வளையும். நேரா பாருங்க, இல்லன்னா தரையில மூணடி முன்னாடி. முட்டி எங்க இருக்குன்னு ஒரு தடவை குனிஞ்சி பாத்து சரி பண்ணிட்டு திரும்ப வந்துடுங்க, முட்டியையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

விருட்சாசனம், அதாவது ஒத்தக்கால்ல மரம் மாதிரி நிக்கிறது, இதுக்கு கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏன்னா பார்வைய படிப்படியா ஏத்தி பழக இத விட நல்ல ஆசனம் இல்ல. வரிசை முக்கியம், சொல்றேன். எடைய ஒரு கால்ல மாத்துங்க, இன்னும் மத்த கால தூக்கல. தரை பொட்ட புடிங்க, ஒரு மூச்சு. இப்ப கால தூக்கி கையால எடுத்து உள்தொடையிலயோ, முட்டிக்கு கீழ கெண்டைக்கால்லயோ வைங்க, முட்டி மேல மட்டும் வேணாம். கால வைக்கும்போது கண்ணு எப்படியும் கீழ போயிடும், எல்லாருக்கும் போகும். பிரச்சினை அடுத்த நொடியில: கண்ணு இன்னும் தொடைகிட்டயே இருக்கும்போது கைய விட்டுட்டு கும்புடு போடப் போறாங்க, விழுறது அங்கதான். கை இன்னும் கால புடிச்சிக்கிட்டு இருக்கும்போதே கண்ண பொட்டுக்கு கொண்டு வாங்க, ஒரு முழு மூச்சு, அப்புறம் கைய விடுங்க. நெஞ்சுகிட்ட கும்புடு போட்டு நிக்க முடியுதுன்னா தரை பொட்டுலேர்ந்து செவுத்து பொட்டுக்கு கண்ண நகத்துங்க. குதிச்சி போகக்கூடாது, ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கிட்டு ஊந்து போகணும். அது பழகினதும் கைய மேல தூக்கலாம், ஆனா பார்வை செவுத்துலயே. கடைசியாதான் கையோட நுனிய பாக்குறது. ஒரே நாள்ல எல்லா படியும் ஏறணும்னு யாரும் கேக்கல.

வீரபத்திராசனம் மூணு வகை, முதல் ரெண்டுலயும் கால அகட்டி முன்முட்டிய மடக்கி நிப்போம். முதல் வகையில கை மேல, பார்வையும் மேலன்னுதான் படத்துல இருக்கும். இடுப்பு இறுக்கமா இருக்குறவங்க மேல பாத்தா கீழ்முதுகு நசுங்கும், அவங்க நேரா பாத்தாலே ஆசனம் முழுசுதான். ரெண்டாவது வகைதான் எனக்கு புடிச்சது, முன்னாடி நீட்டின கையோட நடுவிரல் மேல பார்வை, அத தாண்டி அந்த திசையில இருக்குற செவுரு. ஆசனத்துக்குள்ள போனதும் ஒரு தடவை மட்டும் முட்டிய குனிஞ்சி பாருங்க, முட்டிக்கு உள்பக்கம் கட்டைவிரல் தெரியணும், தெரியலன்னா முட்டி உள்ள விழுந்திருக்கு, வெளிய தள்ளுங்க. அப்புறம் திரும்ப விரலுக்கு. ரெண்டு மூச்சு போனதும் பாருங்க, உடம்பு மொத்தமும் பாக்குற பக்கமா சாஞ்சிருக்கும், கண்ணு இழுத்துக்கிட்டு போயிடும். பார்வை முன்னாடி இருக்கட்டும், பின்னாடி கையில எடை இருக்குற மாதிரி நெனச்சி உடம்ப நடுவுக்கு கொண்டு வாங்க.

மூணாவது வகையில ஒரு கால் பின்னாடி பறக்கும், உடம்பு தரைக்கு மட்டமா. எதிர் செவுத்த பாத்தா கழுத்து ஒடியும், நிக்கிற பாதத்த பாத்தா தலை தொங்கி மூக்கால தரைய தேட வேண்டியதுதான். ரெண்டுக்கும் நடுவுல, பாதத்துக்கு ரெண்டு மூணடி முன்னாடி, டைல்ஸ் மூலை. குனிய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்த எடத்த முடிவு பண்ணிடுங்க, பாதி வழியில தேடாதீங்க.

திரிகோணாசனத்துக்கு வருவோம். முதல் படி, கீழ கை இருக்குற பக்கத்து காலோட கட்டைவிரல பாருங்க, கழுத்துக்கு ரொம்ப சுலபம். ரெண்டாவது படி, நெஞ்சு பாக்குற திசையில நேரா எதிர் செவுரு. மூணாவது, மேல இருக்குற கையோட கட்டைவிரல். ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு செக் பண்ணுங்க, நெஞ்சு உண்மையிலேயே முன்பக்கமா தெறந்திருக்கா? நெஞ்சு தரைய பாத்துக்கிட்டு இருக்கும்போது மூஞ்ச மட்டும் மேல திருப்பினா அது கழுத்த முறுக்குறது, வேற ஒண்ணும் இல்ல. வெளிய வரும்போது மேல பாத்துக்கிட்டே எழாதீங்க, மொதல்ல பார்வைய கீழ பாதத்துக்கு கொண்டு வாங்க, அப்புறம் எழுங்க. முன்முட்டிய மடக்கிக்கிட்டு இதே மாதிரி பக்கவாட்டுல சாயுற பார்ஷ்வகோணாசனத்துக்கும் இதே கதைதான். பரிவிருத்த திரிகோணாசனம்னு முறுக்கிக்கிட்டு பண்றது இருக்கே, அதுல முதல் ரெண்டு மாசம் தரையையே பாருங்க, யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.

ஒரு கால், ஒரு கை தரையில ஊனி மத்த கால பின்னாடி மட்டமா தூக்குற அர்த்த சந்திராசனத்துல கீழ ஊனின கைக்கு பக்கத்துல தரை, அடுத்து எதிர் செவுரு, அப்புறம் மேல கை. முதுக செவுத்துல சாச்சி பழகினீங்கன்னா மேல பாக்குற படிக்கு பயம் இல்லாம போகலாம்.

ஒரு கால இன்னொரு கால்ல சுத்தி நிக்கிற கருடாசனத்துல கைய பின்னிக்கிட்டு மூஞ்சிக்கு நேரா வைக்கிறதால கையே பார்வைய மறைக்கும். ஒண்ணு கட்டைவிரல பாருங்க, இல்ல கைக்கு மேலயோ பக்கத்துலயோ தெரியுற செவுத்து பொட்ட பாருங்க, மாத்தி மாத்தி பாக்காதீங்க, கிட்டயும் தூரமும் கண்ணு மாறி மாறி ஃபோகஸ் பண்ணும்போது பேலன்ஸ் போயிடும். ஒரு கால பின்னாடி தூக்கி கையால புடிக்கிற நடராஜாசனத்துல நேரா பாக்குறது, அவ்ளோதான், பின்னாடி கால் எவ்ளோ ஒசந்திருக்குன்னு திரும்பி பாக்க ஆசை வரும், அடக்கிக்கோங்க.

கால் கட்டைவிரல புடிச்சி நீட்டுற ஹஸ்த பாதாங்குஷ்டாசனத்துல கால் முன்னாடி இருக்கும்போது கால் விரல பாக்கலாம். கால பக்கவாட்டுல தெறக்கும்போது அஷ்டாங்க முறையில எதிர்ப்பக்கம் பாக்கச் சொல்லுவாங்க, வலது கால் வலப்பக்கம் போனா பார்வை இடப்பக்கம். கால நகத்திக்கிட்டே தலையையும் திருப்பினா கண்டிப்பா தள்ளாடும். மொதல்ல கால் மட்டும் போகட்டும், பார்வை நேரா. நின்னுட்டோம்னு உறுதியானதும் தலைய மெதுவா திருப்புங்க.

கிளாஸ்ல நிக்கும்போது

முன்னாடி நிக்கிறவங்க முதுக பாக்காதீங்க, அவங்க ஆடினா நீங்களும் ஆடுவீங்க, அவங்க விழுந்தா பின்னாடி வரிசையே சரியும். ரெண்டு பேருக்கு நடுவுல தெரியுற செவுரு, இல்ல அவங்க குதிகாலுக்கு பின்னாடி இருக்குற தரை, இதுல ஒண்ண எடுத்துக்கோங்க. மாஸ்டர் நடந்துக்கிட்டே பேசுவாரு, அவர கண்ணால தொடர வேணாம், காது கேக்கட்டும். பக்கத்துல இருக்குறவங்க எவ்ளோ வளையறாங்கன்னு ஓரக்கண்ணால பாக்குறத பத்தி நான் ஒண்ணும் சொல்லல, எல்லாரும் பாப்பாங்க, ஒத்தக்கால்ல நிக்கும்போது மட்டும் வேணாம்.

கண்ணாடி போடுறவங்க: முற்போக்கு லென்ஸ், அதாவது மேல தூரத்துக்கும் கீழ படிக்கிறதுக்கும்னு இருக்குற ப்ரோகிரஸிவ், பைஃபோகல் போட்டிருந்தா கண்ண மட்டும் தாழ்த்தி தரைய பாக்கும்போது படிக்கிற பகுதி வழியா பாப்பீங்க, தரை மங்கும், கிட்ட வந்த மாதிரி இருக்கும். கழட்டிட்டு பண்ணுங்க, பொட்டுக்கு பதிலா பெருசா ஏதாவது, ஒரு கலர் ஸ்டிக்கர் இல்ல கதவோட விளிம்பு, வச்சிக்கோங்க. கூர்மையா தெரியணும்னு அவசியம் இல்ல.

யாரு ஜாக்கிரதையா இருக்கணும்

கழுத்து தேய்மானம் இருக்குறவங்க மேல பாக்குற படிய மறந்துடுங்க, நேரா பாத்தே எல்லா ஆசனமும் பண்ணலாம், ஒண்ணும் கொறஞ்சிடாது. மேல் ஷெல்ஃப்ல டப்பா எடுக்க அண்ணாந்தாலே தலை கிறுகிறுன்னு சுத்துதுன்னா அது உள்காது பிரச்சினையா இருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் வாங்க.

கண் நீர் அழுத்தம், அதான் க்ளாக்கோமா, இருக்குறவங்களுக்கு தலை கீழ போற ஆசனத்துல கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும், பாதஹஸ்தாசனமும் கீழ்நோக்கி நாய் மாதிரி நிக்கிறதும் இதுல சேத்தி. விழித்திரையில பிரச்சினை உள்ளவங்க, கண் ஆபரேஷன் பண்ணி கொஞ்ச நாளே ஆனவங்களும் அப்படித்தான். கண் டாக்டர கேக்காம குனிய வேணாம். பிபி மாத்திரை சாப்புடுறவங்க குனிஞ்சி எழுற வேகத்த பாதியா கொறச்சிக்கோங்க.

ரொம்ப வருஷமா சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போறவங்க, வயசானவங்க, இவங்களுக்கு பாதத்துலேர்ந்து வர்ற தகவல் கொறைவு, அதனால கண்ணதான் நம்பி நிக்கிறாங்க. விடியக்காலைல லைட் போடாம, இல்ல கரண்ட் போன நேரத்துல ஒத்தக்கால்ல நிக்கிறது இவங்களுக்கு ஆகாது. கனமான நாற்காலி ஒண்ணு பக்கத்துல, ஒரு கை அது மேல, லைட் நல்லா எரியணும். கண்ண மூடி பண்றது இவங்களுக்கு வேணவே வேணாம்.

மத்தவங்க கண்ண மூடி பழகணும்னா, விருட்சாசனத்துல செவுத்து பொட்ட பாத்து ரெண்டு பக்கமும் பத்து மூச்சு ஆடாம நிக்க முடிஞ்ச பெறகு ஆரம்பிக்கலாம். மொதல்ல தாடாசனத்துலயே மூடிப் பாருங்க, அதுலயே பாதம் எவ்ளோ வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் ஒத்தக்கால், ஆனா தூக்குற காலோட விரல் நுனி தரையில பட்டுக்கிட்டே இருக்கட்டும், ஒரு கை செவுத்துல. பாதி மூடுறது, ஒரு மூச்சுக்கு மட்டும் முழுசா மூடுறது, திரும்ப தெறந்து பொட்ட புடிக்கிறதுன்னு போங்க. தள்ளாடினா கண்ண தெறந்து கால கீழ வைங்க, மேட்ட சுத்தி டீப்பாய், ஸ்டூல் எதுவும் இல்லாம மொதல்லயே நகத்தி வச்சிடுங்க.